பண்டமாரானில் வாங்கிய வில்

அத்தியாயம் ஒன்பது

கிரிகரி அர்ச்சியசிஷ்டவர் ஆகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்னறை நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்றுகொண்டார். கண்ணை மேலே செருகி, வாயை அரையளவு திறந்து, வேதனைப்படப் பழகினார். மார்பு பூராவும் தேங்காய் எண்ணெய். முந்தின நாள்தான் நாவிதனைக் கூப்பிட்டு அங்கே இருந்த மயிரையெல்லாம் மழித்திருந்தார். செபஸ்தியாருக்கு மார்பில் மயிர் கிடையாதாம், படத்தில் பார்த்தாராம்.

"தங்கச்சி, மொகத்தில ஒரு களை தெரியுதா பாரு" என்றார், காப்பி கொண்டுவந்த பிலோமினாவிடம்.

"காப்பி ஆறிடும் பெரியத்தான்."

தம்ளரை அவர் கையில் கொடுக்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த எண்ணெய் வாடை பட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூட வருகிறவர்களுக்கு ஏன் என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டஸ் வீட்டில் முன்பக்கம், ஆபீசில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கிரிகரியும் அவர் மனைவி உர்சுலாவும். பின்கட்டு அறையில் தம்பி ரபேலும் அவன் மனைவி பிலோமினாவும். ரபேல் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். தனிக் கோட்டஸ் கேட்டு எழுதிப் போட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தக் காகிதம் நகர வேண்டுமென்றால் அண்ணன் வாய் திறக்க வேண்டும்.

சென்ற செவ்வாய்க்கிழமை உர்சுலா கோயிலில் நவநாள் செபத்துக்குப் போயிருந்தாள். நல்ல மழை. பிலோமினா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஆபீசிலிருந்து பாதியில் வந்த கிரிகரி அவள் பின்னால் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்தார். தெரியாமல் பட்ட கை இல்லை. பட்ட கை அங்கேயே இருந்தது, நகரவும் செய்தது. கொல்லைப்புறத்தில் ஏதோ சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்தார். எடுத்துவிட்டு, "சோறு குழைஞ்சிடப் போவுது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார், அந்த மனுஷன்!

அஞ்சு நாளாகப் பிலோமினா அந்த இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் கொலை விழும் என்று பயந்தாள்.

இந்த மனுஷன்தான் இந்த வருஷம் செபஸ்தியார்.

சாலாக் செலாத்தான் சிற்றாலயத்தில் திருநாள் மாலை, வேதத்துக்காக மரத்தில் கட்டி அம்பெய்யப்பட்ட புனிதர் செபஸ்தியாரின் நாடகம் போடுவார்கள். தோட்டத்து லயத்தில் காய்ச்சல் கண்டு ஜனங்கள் கும்பல் கும்பலாகச் செத்த வருஷம் செய்துகொண்ட நேர்ச்சை அது. வீரர்கள் எய்கிற அம்பெல்லாம் வெறும் தக்கை. கடைசி அம்பு மட்டும் நிஜம். மரத்தில் கட்டியிருக்கும் செபஸ்தியாரின் தலைக்கு ஒரு சாண் மேலே அது குத்தி நிற்க வேண்டும். நின்றால்தான் நேர்ச்சை செல்லும். அதை எய்கிறவன் தன் வில்லைத் தானே தேடிக்கொண்டு வர வேண்டும், இரவல் ஆகாது.

வில்லுக்காரன் வேஷம் யாருக்கும் பிடிக்காது. அர்ச்சியசிஷ்டவரைக் கொன்ற பாவம் யாருக்கு வேண்டும்? இந்த வருஷம் கிரிகரியே ஆளைச் சொல்லிவிட்டார். "கண்டவன் கையில எல்லாம் என் தலையக் குடுக்க மாட்டேன். என் தம்பி இருக்கான்." ரபேல் பிறந்ததிலிருந்து வில்லைத் தொட்டதில்லை. அதனால் என்ன, அண்ணன் சொல்லிவிட்டார்.

திருநாளுக்கு இன்னும் எட்டே நாள்.

கிரிகரி சாப்பிட உட்கார்ந்தார். திருநாள் முடியும்வரை புலால் தொடாமல் ஒருசந்தி என்று கோயிலில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தவர், ஆட்டெலும்பு ஒன்றை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினார். ரபேல் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "சதையத் தொட மாட்டேன். சாறு மட்டுந்தான்" என்றார். தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, பண்டமாரான்ல ஒரு பொம்பள வில்லு கட்டுறாளாம். இன்னிக்கே போய்ட்டு வந்துரு. மெல்லிசாப் பாத்து வாங்கு. பாக்க நல்லா இருந்தாப் போதும்."

"சரி அண்ணே."

"தங்கச்சி வீட்லயே இருக்கட்டும். உர்சுலாவுக்கு ஒத்தாசையா இருக்கும்."

உர்சுலா மூலையில் உட்கார்ந்து செபஸ்தியாரின் வெள்ளை வேட்டிக்குக் கரைபோட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒத்தாசை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நானும் போறேன்" என்றாள் பிலோமினா. யாரும் பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கிள்ளான் ரயிலில் ரபேல் ஜன்னலோரம் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்தான். பிலோமினா எதிரில் உட்கார்ந்து அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரும்பு அடித்துக் காய்த்துப்போன கைகள். இந்தக் கைக்கு அவன் எந்த வில்லை எடுப்பான்?

அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் உடம்பு கூசியது. பலமான வில்லாக எடுத்துவிட்டால்? ஒரு சாண் கீழே இறங்கினால் போதுமே! 'சேசு மரி சூசையே, நான் எதை நெனைக்கிறேன்' என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டும் அந்த நினைப்பு போகவில்லை. அவன் பலமான வில்லை எடுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசையாகவே இருந்தது. எய்ய வேண்டாம். எடுத்தால் போதும், அண்ணன் பயந்தால் போதும்.

கிள்ளானில் இறங்கி, பஸ் பிடித்து, பண்டமாரானுக்குப் போகிற தார்ச் சடக்கில் இறங்கியதும் வில் கட்டுகிற தங்கமணியின் இடம் எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசல் முழுக்க மூங்கில் கிடந்தது. கப்பல்துறைக்குக் கூடை முடைவதுதான் அவளுக்குப் பிழைப்பு. தோட்டத்துக்காரர்களுக்குப் பன்றி விரட்டவும் குரங்கு விரட்டவும் வில் கட்டிக் கொடுப்பாள், கூத்துக்காரர்களுக்கு வர்ணம் பூசியும் கொடுப்பாள். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"வாங்க, வாங்க. வில்லு எதுக்கு? பன்னிக்கா, கொரங்குக்கா?"

"செபஸ்தியாருக்கு" என்றான் ரபேல்.

"அது என்னா மிருகம்?"

பிலோமினாவுக்கு அஞ்சு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. விஷயத்தைச் சொன்னாள். தங்கமணி தலையாட்டிக் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து வில்களைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள்.

"மொத வில்லு வாங்க வர்றவன் எல்லாம் இங்க வந்து ஒரே கூத்துதான் பண்ணுவான் தம்பி. மீசைக்கு வாங்குவான், அப்புறம் இழுக்க முடியாது. இல்லாட்டிக் கண்ணுக்கு வாங்குவான், அது எய்யாது. கைக்கு வாங்கறவன் வருஷத்துக்கு ஒருத்தன் வந்தா அதிகம். நீங்க எப்படி?"

ரபேல் முதலில் கை வைத்தது ஒரு தடித்த வில்லில். "அது பன்னி வில்லு. பன்னி வேட்டைக்குப் போற பக்கிரிசாமி அண்ணன் ஒருத்தருதான் அத முழுசா இழுப்பாரு" என்றாள் தங்கமணி. பிலோமினா ஓரடி முன்னால் வந்தாள். ரபேல் அதைத் தூக்கி, எடை பார்த்து, மறுபடி சுவரிலேயே சாத்தினான். நாலு வில் தாண்டிப் போய், பச்சை வர்ணம் அடித்து, ஜரிகைக் காகிதம் சுற்றிய ஒன்றை எடுத்தான்.

"இது."

"அது எய்யாது லா தம்பி. முருக்க மரம். கூத்துல தோள்ல மாட்டிக்கிட்டு ஆடுறதுக்கு. அம்பு வச்சா வாசப்படி தாண்டாது."

"அதான் வேணும்."

"கடைசி அம்பு மரத்துல குத்தி நிக்கணுமே?" என்றாள் பிலோமினா.

ரபேல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அதெல்லாம் அண்ணே யோசிச்சு வச்சிட்டாரு. முன்னாடியே ஒரு அம்ப மரத்துல அடிச்சு, எலையப் போட்டு மறைச்சிடுவோம். நான் எய்யறப்ப ஒருத்தன் எலைய இழுத்துடுவான். யாரு பாக்கப் போறா? அண்ணனுக்குக் கொஞ்சம் பயம். நாமதான் பாத்து நடந்துக்கணும்."

நேர்ச்சையிலும் திருட்டு! செத்துப்போன ஜனங்களின் பெயரால் செய்த நேர்ச்சை! பிலோமினா அவன் கையைப் பிடித்து, மூங்கில் குவியலுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

"உங்க அண்ணனுக்காக நீங்க இவ்ளோ பாக்குறீங்க. உங்க அண்ணன் என்ன பண்ணினாருன்னு தெரியுமா? செவ்வாக்கெழம..."

"தெரியும்" என்றான் ரபேல்.

அவளுக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாகிவிட்டது.

"என்ன தெரியும்?"

"அதான், அடுப்படியில. நான் கொல்லக் கதவுகிட்டத்தான் நின்னேன்." ஏதோ பாராட்டு எதிர்பார்க்கிறவன் போல அவள் முகத்தைப் பார்த்தான். "நான்தானே இருமினேன்! நான் இருமினதாலதானே அவரு கைய எடுத்தாரு!"

பிலோமினா அவன் கையை விட்டாள்.

"இருமிட்டு, மறுபடி சடக்குக்குப் போயி, கொஞ்ச நேரம் கழிச்சு வந்தேன். அவருக்கும் சங்கடம் இல்ல, உனக்கும் சங்கடம் இல்ல. பிலோ, இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. கோட்டஸ் கைக்கு வந்துரும், தனியாப் போயிடலாம். எல்லாம் உனக்காகத்தானே பாக்குறேன்?"

அவன் உதட்டோரத்தில் கச்சான் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. அவள் அதையே பார்த்தாள். செவ்வாய்க்கிழமை இரவு இவன் சாப்பிட்டான். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று இன்னொரு அகப்பை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்புறம் அவள் பக்கத்தில் வந்து படுத்து, அதே இடுப்பில் கையைப் போட்டான். தெரிந்துகொண்டே போட்டான். சீ! அண்ணன் தொட்ட இடத்தை அஞ்சு நாளாகத் தேய்த்தாளே, இவன் தொட்டதை எங்கே போய்த் தேய்ப்பாள்?

இவன் கோபத்தில் கொலை செய்துவிடுவான் என்று பயந்தாளே, அந்தப் பயத்தை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. மூங்கில் குவியலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு வில்லு வேணும்."

தங்கமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். குவியலுக்கு அந்தப் பக்கம் பேசியது இந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"கைக்கா, கண்ணுக்கா?"

"கைக்கு."

"உனக்கெதுக்குப் பிலோ வில்லு? என்ன வெளையாட்டு இது?" என்று பின்னாலேயே வந்தான் ரபேல்.

"தம்பி, உங்க வில்லு ரெடி. அந்தப் பெஞ்சில போயி உக்காருங்க" என்றாள் தங்கமணி. அவன் போய் உட்கார்ந்தான்.

தங்கமணி முதலில் பிலோமினாவின் கண்ணைப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்னச் சந்து வைத்து, அது வழியாகத் தூரத்துப் பலா மரத்தைப் பார்க்கச் சொன்னாள். ஒரு கண்ணை மூடச் சொன்னாள், பிறகு மறு கண்ணை. வலது கண்ணை மூடியபோதும் மரம் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடியபோது மறைந்துவிட்டது.

"உனக்கு எடது கண்ணுதான் பாக்குது. அப்ப எடது கையால இழு. ஊரு ஆயிரம் சொல்லும், கேக்காத."

சுவரிலிருந்து ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் நிறுத்தினாள். மேல்நுனி நெற்றிக்கு வந்தது. தள்ளி வைத்தாள். இன்னொன்று தாடைக்கு வந்தது. "புடி. வெரலு ரொம்பச் சுத்தக் கூடாது. நாணை வாயோரம் வரைக்கும் இழுத்து நிறுத்து. நான் பத்து எண்ணுவேன்."

நாலு எண்ணுவதற்குள் கை வெடவெடவென்று நடுங்கிவிட்டது.

"மொள்ள முன்னாடி கொண்டாந்து தளத்து. அம்பு இல்லாம நாணை விட்டுறாத, வில்லு ஒடிஞ்சிரும். இது உனக்குக் கனம். கனமா இருந்தா என்னா ஆவும் தெரியுமா? கை வலிக்கு பயந்து சீக்கிரம் விட்டுருவ. எங்க போவும்னு உனக்கே தெரியாது."

மூன்றாவதாகக் கொடுத்தது பழுப்பேறிய மூங்கில் வில். வர்ணமும் இல்லை, ஜரிகையும் இல்லை. பிடியில் சணல் கயிறு சுற்றியிருந்தது. பிலோமினா இழுத்தாள். தங்கமணி எண்ணினாள். எட்டில் தோள் எரிந்தது, பத்தில் கை நின்றது.

"இதான்" என்றாள் தங்கமணி.

முதல் அம்பு வாய்க்காலில் போய் விழுந்தது. இரண்டாவது அம்பு விட்டபோது நாண் வந்து வலது முன்கையில் அறைந்தது. தோல் கன்றிப்போய், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முழங்கை முட்டிய வெளிப்பக்கமாத் திருப்பு. எல்லாருக்கும் மொத நாளு இது உண்டு" என்றாள் தங்கமணி. ஆறு அம்பு மண்ணுக்குப் போயிற்று. ஏழாவது, வெட்டிப் போட்டிருந்த வாழைத்தண்டில் போய்க் குத்தி நின்றது.

பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அஞ்சு நாளாகத் தேய்த்த இடம் அந்த நேரத்தில் அவள் நினைப்பில் இல்லை.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கேட்ட விலையைக் கொடுத்தாள். வரும் வழியெல்லாம் ரபேல், "யாராச்சும் கேட்டா கொழந்தைங்களுக்கு வாங்கினதுன்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நாடகத்தை நடத்துகிற அண்ணாவியார் ஜெயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து தாளம் தட்டினார். கிரிகரி தூணில் சாய்ந்து, உர்சுலா தைத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மேலே எண்ணெய் மின்ன உயிரை விட்டுக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் உயிர் திரும்பி வந்தது.

"வில்லு வந்துருச்சா? காட்டு, காட்டு. ஆகா! என்னா கலர்!"

அண்ணாவியார் ஜரிகை வில்லை வாங்கி, ஒரு அம்பை வைத்து வாசல் பக்கம் விட்டார். அம்பு மூன்றடி போய்ப் பாயில் படுத்துக்கொண்டது.

"ஏன்டா ரபேலு, இத வச்சா நேர்ச்சைய நிறைவேத்தப் போற? ஈ கூட சாவாது!" என்றார். பிறகு அவர் பார்வை பிலோமினாவின் தோளுக்குப் போயிற்று. "அது நல்ல வில்லா இருக்கே. அது யாருது?"

"என்னுது அண்ணாவி."

கிரிகரி சிரித்தார். "பொம்பளைக்கு எதுக்குத் தங்கச்சி வில்லு? அடுப்படியில உனக்கு என்னா வேட்டை?"

அடுப்படி என்கிற சொல்லை அவரே சொன்னார். அந்த வாயால் சொன்னார். பிலோமினாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்னைத் தங்கச்சின்னு கூப்புடாதீங்க. செவ்வாக்கெழம மழையில, அக்கா இல்லாத நேரத்தில, அடுப்படிக்கு வந்து என் இடுப்புல கைய வச்சீங்க. சத்தம் கேக்குற வரைக்கும் எடுக்கல. அண்ணாவி, நீங்களும் கேட்டுக்குங்க. கோயில்ல கட்டி வச்சு ஜனங்களைக் கும்புடச் சொல்றீங்களே, இவரத்தான்."

"பிலோ! உள்ள வா!" என்றான் ரபேல்.

"இவரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. கோட்டஸுக்காக" என்றாள் பிலோமினா. ரபேல் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணாவியாரின் தாளம் நின்றுபோய்விட்டது. கிரிகரி கண்ணை மேலே செருகினார், காலையில் கண்ணாடி முன் பழகிய அதே முகம். "சர்வேசுரன் சாட்சியாச் சொல்றேன். என் கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சிருக்கேன். இது மேல என் சுண்டு வெரலு கூடப் பட்டது கெடையாது. வேஷத்துக்கு ஒருசந்தி இருக்கறவன் மேல இப்படி ஒரு பழியா?"

உள்கதவுத் திரை விலகியது. உர்சுலா வந்து நின்றாள். அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. புருஷனைப் பார்க்கவில்லை. நேரே பிலோமினாவிடம் வந்தாள்.

"எந்தக் கை?" என்றாள்.

சத்தமாகத்தான் கேட்டாள்.

"என்னக்கா?"

"எந்தக் கைய வச்சாரு?"

பிலோமினா வாயைத் திறந்தாள். அவள் பதில் சொல்வதற்குள் கிரிகரியின் வலது கை, அவருக்கே தெரியாமல், மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. உர்சுலா திரும்பி அதைப் பார்த்தாள்.